பதினோராவது குரல்

"உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்கவங்கல்லாம் உள்ள போங்க, உள்ள பூரா எடம் கெடக்கு!"

பார்த்தீர்களா அண்ணாச்சி, கண்டக்டரே திரும்பிப் பார்க்கிறார். நான்தான். குரல் அவருடையது, வாய் என்னுடையது. படியில் நின்ற நாலு பேரும் உள்ளே போய்விட்டார்கள், அதையும் பாருங்கள். அவர் சொன்னபோது ஒருத்தரும் நகரவில்லை.

நாசரேத்துக்குத்தானே நீங்களும்? நல்லது. ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வேடிக்கை பார்க்கிற மனசில்லை. யாரிடமாவது பேசிக்கொண்டே வந்தால் போதும். பேசாமல் இருந்தால் இந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்ன தாள் என்று கேட்கிறீர்களா? இதோ, படியுங்கள். 'கீழ்க்கண்ட இருவரும் இணைந்து இறுதிப் பருவ புராஜெக்ட் செய்யச் சம்மதிக்கிறோம்.' இந்தப் பக்கம் கோமதிநாயகம், அது நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஏசுவடியான். அங்கேதான் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அதில் ஒரு கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் எனக்குப் புராஜெக்ட் கிடையாது. புராஜெக்ட் இல்லையென்றால் டிப்ளமா கிடையாது. அடுத்த வருஷம் ஜூனியர் பயல்களோடு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து.

வேறு ஆள் பார்க்கலாமே என்கிறீர்கள். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், இரண்டிரண்டாகப் பிரித்தாயிற்று. மூன்றாவது ஆளைச் சேர்க்க விதி இல்லை. ஏசுவடியான் மட்டும் 'நான் தனியாகவே செய்துகொள்கிறேன்' என்று எங்கள் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். தலைவர் பெயர் வெயிலுகந்தன். அவர் எப்படிப் பேசுவார் தெரியுமா? "இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா... அவன் இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டான்னா, அந்த லெட்டரை நான் கிழிச்சிருவேன். போடலைன்னா, இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா... நான் ஒண்ணும் சொல்லுறதுக்கில்ல." அச்சு அசலா? மூக்கில் வருகிற அந்தக் காற்றைக் கவனித்தீர்களா? அதற்கே எனக்கு இரண்டு மாசம் ஆனது.

ஏசுவடியானை நாங்கள் வடியான் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். கொஞ்சம் இல்லை, நிறையவே. ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் எங்கள் காலேஜில் அவனை அடிக்க ஆள் இல்லை. எனக்கு அது வராது. எனக்கு வாய்தான். ஆகவே முதல் வருஷத்திலேயே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவன் எழுதுவான், நான் பேசுவேன். அவன் வருகைப்பதிவுக்குக்கூட நான்தான் "உள்ளேன் ஐயா" சொல்வேன். வாய்மொழித் தேர்வில் அவனிடம் கேள்வி கேட்டால், அவன் முதல் எழுத்தைப் பிடித்து முக்குவதற்குள் நான் பதிலை முடித்துவிடுவேன். அவன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பான். நன்றி சொல்கிறான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஏற்பாடு செய்துகொண்டோம் என்றேனா? செய்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு நேரமாகுமே.

சரி, இந்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஐந்தாம் செமஸ்டரில் சின்னதாக ஒரு புராஜெக்ட் உண்டு. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்கு டோக்கன் கூப்பிடுகிற இயந்திரம். டாக்டர் பொத்தானை அமுக்கினால், "டோக்கன் எண் முப்பத்திரண்டு, மூன்றாம் அறைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். யோசனை வடியானுடையது. பத்து அறைக்குப் பத்து விதமான குரல். எழுத்துத் தெரியாதவர்கள் குரலை வைத்தே அறையைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். கிழவர் குரல் கேட்டால் கண் டாக்டர், சின்னப் பெண் குரல் கேட்டால் குழந்தை டாக்டர். பத்துக் குரலும் நான் கொடுத்தது. ஒரே ஆள், பத்துக் குரல்! ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர், "அந்தக் கிழவர் யாருப்பா, பாவம், அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று கேட்டார். அவ்வளவு அருமையாக வந்திருந்தது.

ஒத்திகை நடக்கிற நாளுக்கு முந்தைய மதியம், வடியான் சாப்பிடப் போயிருந்தபோது, நான் அவன் புரோகிராமில் ஒரு சின்ன வேலை செய்தேன். சும்மா, ஒரு சர்ப்ரைஸ். பதினோராவதாக ஒரு குரல் சேர்த்தேன். எனக்குத்தான் புரோகிராம் எழுத வராதே, அவன் எழுதிய வரியையே நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு குரலுக்கும் எவ்வளவு சத்தம் என்று அவன் பத்து எண்களை வரிசையாக வைத்திருந்தான். நான் இன்னொன்று வைத்தேன். தொண்ணூறு, நல்ல சத்தம். அந்தக் குரல் எப்போதும் வந்தால் வேடிக்கை இல்லையே. எப்போதாவது ஒரு முறை, யாரும் எதிர்பாராத நேரத்தில் வர வேண்டும். அதற்கு ஒரு ஜூனியரின் பரமபத விளையாட்டுப் புரோகிராமிலிருந்து பகடை உருட்டுகிற வரியை எடுத்துப் போட்டேன். புரோகிராம் எழுதத் தெரியாதவன் செய்கிற வேலையா இது? எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி. வெயிலுகந்தன் சார் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். தலைமை டாக்டர் வந்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்தொன்று வரைக்கும் தண்ணீர் போல ஓடியது. அடுத்தது முப்பத்திரண்டுதானே வர வேண்டும்? "டோக்கன் எண் தொண்ணூறு" என்றது இயந்திரம்.

சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. அங்கே யாரும் சிரிக்கவில்லை. தொண்ணூறாம் எண்காரர் அப்போதுதான் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் நேராக உள்ளே போய்விட்டார். முப்பத்திரண்டை வைத்திருந்த அம்மா, கையில் காய்ச்சல்காரப் பிள்ளை, "ஏ, விடியக்காலம் வந்து உக்காந்திருக்கவ நான் கேனச்சியா?" என்று எழுந்தார். பின்னாலேயே முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, எல்லாரும். கதவில் ஒரே தள்ளுமுள்ளு. முப்பத்திரண்டின் பிள்ளை மிரண்டு போய் வாந்தி எடுத்துவிட்டது. தலைமை டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சார், மொதல்ல இதை எடுத்துட்டுப் போங்க."

என் சர்ப்ரைஸ் குரல் வரவே இல்லை. அதுதான் எனக்கு அன்றைக்கு ஏமாற்றம். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலேஜுக்குத் திரும்பியதும் சார் அறையில் விசாரணை. "இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா, யாரு பண்ணுன வேலை இது?" வடியான் வாயைத் திறந்தான். "சா... சா... சார்... எ... எ..." என்று நிற்கிறது. சார் முகம் சிவக்கிறது. நான்தானே அவன் வாய்? நான் சொன்னேன்: "சார், புரோகிராம் பூரா அவன்தான் சார் எழுதுனான். நான் குரல் மட்டும்தான் சார். ஆனா அவன் வேணும்னு பண்ணல சார், கவனக்குறைவு." அவனுக்காகப் பரிந்துதானே பேசினேன்? வேண்டுமென்று செய்யவில்லை என்றுதானே சொன்னேன்? அதற்கும் அவன் அதே பார்வை பார்த்தான். சார் மூன்று வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

செய்துங்கநல்லூர் தாண்டிவிட்டதா? ஆமாம், தாண்டிவிட்டது.

அந்த மூன்று வாரத்தில் அவன் எப்படித் தேடினான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. புரோகிராம் என்றால் வரி வரியாக ஓடுகிற ஒன்று. கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் வரி ஓடிவிடும், நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் 'பிரேக்பாயின்ட்' என்று ஒன்று வைப்பார்கள். 'இந்த வரிக்கு வந்ததும் நில்' என்று அர்த்தம். வந்ததும் அப்படியே உறைந்து நிற்கும். எந்த எண் எவ்வளவு என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, 'போ' என்றால் திரும்ப ஓடும். ரோட்டில் செக்போஸ்ட் போடுகிற மாதிரிதான்.

அடுத்த டோக்கன் எண்ணை மாற்றுகிற வரிகள் வடியான் புரோகிராமில் மூன்றே மூன்று. காலையில் பூஜ்யமாக்குகிற வரி, பொத்தான் அமுக்கினால் ஒன்று கூட்டுகிற வரி, நர்ஸ் திருத்தினால் மாற்றுகிற வரி. மூன்றிலும் செக்போஸ்ட் வைத்தான். பொத்தானை அமுக்குவான், நிற்கும், பார்ப்பான், நோட்டில் எழுதுவான், 'போ' என்பான். மறுபடி அமுக்குவான். நாள் முழுக்க இதே வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து செக்போஸ்ட் ஏட்டையா ஆகிவிடுவேன். "ஏய், வண்டிய ஓரங்கட்டு! பேரென்ன? டோக்கன் பதினேழு ஐயா. எங்கேருந்து வார? பதினாறுலேருந்து வாரேன் ஐயா. எங்க போற? பதினெட்டுக்கு ஐயா. குடிச்சிருக்கியா? இல்ல ஐயா. ஊது!" லேப் முழுக்க உருண்டு உருண்டு சிரிக்கும். முதல் இரண்டு நாள் வடியானும் சிரித்தான். மூன்றாம் நாள், "கொ... கொஞ்சம் சும்மா இ... இரு கோமதி" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவனை உற்சாகப்படுத்தத்தானே செய்கிறேன்?

ஆனால் அந்தத் தொண்ணூறு இருக்கிறதே, அது மூன்று செக்போஸ்ட்டிலும் நிற்கவில்லை. எல்லா எண்ணும் ஒழுங்காக நின்று, சலாம் போட்டு, போகும். அடுத்த தடவை பார்த்தால் உள்ளே தொண்ணூறு உட்கார்ந்திருக்கும். எந்த வழியாக வந்தது? யாருக்கும் தெரியாது. வடியான் செக்போஸ்ட்டுகளைக் கூட்டினான். பத்து, இருபது, நாற்பது. கடைசியில் புரோகிராம் இரண்டடி நடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றது. கண் சிவந்து, முகம் சுருங்கி, ஆளே பாதியாகிவிட்டான்.

ஒருநாள் என்னிடம் கேட்டான். "ஏ... ஏன்ல எப்பவும் தொ... தொண்ணூறே வருது?"

"எனக்கு எப்படில தெரியும்?"

"நீ ஏ... ஏதாவது தொ... தொட்டியா?"

"நான் எதைத் தொட்டேன்? எனக்கு ஏதாவது தெரியுமா அதுல? நான் குரலை மட்டும்தான் தொட்டேன்."

இது பொய்யா அண்ணாச்சி? குரலைத்தானே தொட்டேன்? தொண்ணூறு என்ற எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரிதான் எனக்கும் இருந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்குமே என்கிறீர்கள். இப்படித்தான் கிரேஸ் மேடமும் சொன்னார். எங்கள் லேப் மேடம். "யோசிச்சிருக்கலாமேப்பா... ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேப்பா..." அந்த 'ப்பா'வை இழுக்கிறதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

மூன்றாவது வாரத்தில் வடியான் ஒரு நாள் எல்லாச் செக்போஸ்ட்டையும் எடுத்துவிட்டான். நாற்பதையும். ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு காலை முழுக்கப் படித்தான். மத்தியானம் 'வாட்ச்பாயின்ட்' என்று ஒன்றை வைத்தான். எனக்கு அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

அது என்னவென்று கேளுங்கள். செக்போஸ்ட் ரோட்டில் நிற்கும். திருடன் அந்த ரோட்டில் வந்தால்தான் மாட்டுவான். சுவரேறிக் குதித்து வந்தால்? வாட்ச்பாயின்ட் ரோட்டுக்கே போகாது. மாமரத்தடியில் கட்டிலைப் போட்டு மாங்காயைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். எந்த வழியாக வந்தாலும் சரி, யார் கை மாங்காயில் பட்டதோ, கப்பென்று பிடித்து, 'இந்தக் கைதான்' என்று காட்டிவிடும். புரோகிராமில் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டாம். இந்த எண் மாறினால் நில் என்றால் போதும். மாற்றிய வரி எதுவோ அந்த வரியில் நின்று, பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது என்று எழுதிக் காட்டும்.

எவ்வளவு மோசமான யோசனை பாருங்கள். ஒரு ஆளைப் பிடிப்பதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள்.

லேபில் அப்போது இருபது பேர் இருந்தோம். கிரேஸ் மேடமும் இருந்தார். டோக்கன் எண் மேல் வடியான் அதை வைத்தான். வைத்துவிட்டு அமுக்கத் தொடங்கினான். ஒவ்வொரு முறையும் நிற்கும்: பழையது பத்து, புதியது பதினொன்று, ஒன்று கூட்டுகிற வரி. சரி, போ. பழையது பதினொன்று, புதியது பன்னிரண்டு. சரி, போ. நான் மாந்தோப்புக் காவல்காரன் குரலில், "எவம்ல அது, கொம்பை ஆட்டுறவன்?" என்று ஆரம்பித்தேன். நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது.

நாற்பத்தாறு வந்தது. சரி, போ என்றான். அடுத்த அமுக்கு வருவதற்குள்ளேயே...

நின்றது. பழையது நாற்பத்தாறு. புதியது தொண்ணூறு.

வரியைப் பார்த்தால் என் வரி.

டோக்கன் என்ற பேச்சே இல்லாத வரி அது. என்ன ஆயிற்றென்று பிறகுதான் கிரேஸ் மேடம் விளக்கினார். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணுமாம். பத்து வீடு வரிசையாக உள்ள ஒரு வளவு, ஒரு காம்பவுண்ட் என்றால் கதவு எண் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும்தான். அவன் வரியை நகலெடுத்து அதிலிருந்த ஒன்பதை நான் பத்தாக்கினேனே, அந்த எண்ணில் எங்கள் வளவில் வீடே கிடையாது. அது அடுத்த வளவு. அந்த வீட்டில்தான் டோக்கன் எண் குடியிருந்திருக்கிறது. நான் என் சத்தத்தைக் கொண்டுபோய் அங்கே இறக்கியிருக்கிறேன். அந்த மொழி 'யார் வீட்டில் இறக்குகிறாய்' என்று ஒரு வார்த்தை கேட்காதாம். கேட்டிருக்க வேண்டாமா? அது யார் தப்பு? என் குரல் ஏன் வரவில்லை என்றால், பத்துக்கு மேல் குரல் எண் வந்தால் முதல் குரலையே போடு என்று வடியான் முன்னெச்சரிக்கையாக எழுதி வைத்திருந்தானாம். அவன் மட்டும் அவ்வளவு முன்னெச்சரிக்கையாக இல்லாதிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே குரல் வந்திருக்கும். விஷயமும் அன்றைக்கே வெளியாகியிருக்கும். மூன்று வாரம் அவன் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். இதை யாரும் சொல்வதில்லை.

அந்த வரிக்கு மேலே நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். புரோகிராமில் அப்படி எழுதலாம், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, மனுஷர் படிக்க. 'வடியானுக்கு சர்ப்ரைஸ்' என்று எழுதியிருந்தேன்.

வடியான் அதைப் படித்தான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. குரல் கோப்புகள் இருக்கிற இடத்தைத் திறந்தான். பத்துக்குக் கீழே பதினொன்றாவது இருந்தது. அதைச் சொடுக்கினான்.

ஒலிபெருக்கி சொருகியே இருந்தது அண்ணாச்சி. தொண்ணூறு சத்தம்.

"டோ... டோ... டோ... டோக்கன் எ... எ... எண்... மு... மு... மு..."

ஆமாம். அவன்தான். அவன் குரல்தான். பத்துப் பேரைச் செய்தவன் பதினோராவதாக அவனைச் செய்யாமல் விடலாமா? விட்டால்தான் அவனை ஒதுக்கிவைத்த மாதிரி. என் பார்வையில் அது மரியாதை. கண்ணை இறுக்கிக்கொண்டு, தாடையை முன்னால் தள்ளி, அவன் எழுத்தைப் பிடிக்கிற அந்தத் தவிப்பு இருக்கிறதே, அது வருவதற்கு நான் மூன்று வருஷம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். நான் செய்ததிலேயே சிறந்தது அதுதான். பதிவின் கடைசியில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் பதிவாகியிருந்தது.

லேபில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது பேர் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படி உம்மென்று இருப்பது?

அவன் பதிவு முடிகிற வரைக்கும் கேட்டான். என் சிரிப்பு உட்பட. பிறகு என் வரியை அழித்தான். புரோகிராமைத் திரும்ப ஓட்டினான். எழுந்து நின்றான்.

"மே... மேடம். ச... சரியாயிருச்சு மேடம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் வெயிலுகந்தன் சாரிடம் போனோம். "இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா, என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" வடியான் ஆரம்பித்தான். சார் அரை நிமிஷம் பொறுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏ, நீ சொல்லுப்பா" என்றார். வடியான் கையைத் தூக்கினான். என் முகத்துக்கு நேரே, இதோ இப்படி. "நா... நானே சொ... சொல்லுதேன் சார்."

சொன்னான். செக்போஸ்ட்டை எல்லாம் சொன்னான், வாட்ச்பாயின்ட்டைச் சொன்னான், பத்து வீட்டைச் சொன்னான். நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம். அவனுக்கு இருபது நிமிஷம் ஆனது. சார் மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காமல் அவனையே பார்க்கத் தொடங்கினார். முடித்ததும் கேட்டார், "அது சரி, அந்த வரியைப் போட்டது யாரு?"

ஒரு பெயர். அவன் சொல்ல வேண்டியது என் பெயர் ஒன்றுதான்.

"அ... அந்த வரி இ... இப்ப இல்ல சார்" என்றான்.

அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கவில்லை. எவ்வளவு நல்லவன் பார்த்தீர்களா என்று கிரேஸ் மேடம் சொல்கிறார். எனக்கு அதுதான் எரிச்சல். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். 'ஏன்ல இப்படிப் பண்ணுன' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், சாயங்காலம் சேர்ந்து டீ குடித்திருப்போம். அவன் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. இயந்திரத்தை ஆஸ்பத்திரியில் திரும்ப வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். என் பத்துக் குரலையும் எடுத்துவிட்டான். மணி மட்டும் அடிக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு மாதிரி மணி. ஜனங்கள் மணியைக் கேட்டு ஒழுங்காகப் போகிறார்கள். அந்தக் கிழவர் குரலை ஒருத்தரும் தேடவில்லை.

இப்போது இந்த லெட்டர். 'தனியாகவே செய்துகொள்கிறேன்.' அவனுக்காக மூன்று வருஷம் பேசியவன் நான். யோசித்துப் பாருங்கள்.

நான் பேசும்படி அவன் கேட்டானா என்று கேட்கிறீர்கள்.

என்ன அண்ணாச்சி நீங்கள். நான் உங்களிடம் வேறு மாதிரி எதிர்பார்த்தேன்.

இல்லை, கோபமில்லை. ஆழ்வார்திருநகரி வந்துவிட்டது பார்த்தீர்களா, இனி கொஞ்ச தூரம்தான். நேற்று போன் பண்ணினேன். அவன் அம்மா எடுத்தார்கள். "அவன் வெளிய போயிருக்கான் ராசா" என்றார்கள். பின்னால் அவன் இருமுவது கேட்டது. அவன் இருமலும் எனக்குத் தெரியும். அதனால்தான் நேரில் போகிறேன். வாசலில் போய் நின்றால் உள்ளே வராதே என்று சொல்கிற ஆளில்லை அவன்.

போய் என்ன சொல்வது என்பதுதான். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாமலில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் ஸ்டாண்டில் ஓரமாக நின்று சொல்லிப் பார்த்தேன். வெயிலுகந்தன் சார் குரலில் சொன்னேன், கம்பீரமாக வந்தது. கிரேஸ் மேடம் குரலில் சொன்னேன், எனக்கே கண் கலங்கியது. எங்கள் தெருப் பாஸ்டர் குரலில் சொன்னேன், பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் ஒருத்தர் ஆமென் என்றார். என் குரலில் சொன்னபோது மட்டும் கேலி பண்ணுகிற மாதிரியே இருந்தது. அவனும் அப்படித்தான் நினைப்பான். அவன் ஏன் நினைக்க மாட்டான்?

அண்ணாச்சி, நீங்கள் கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அவன் வீடு பஸ் ஸ்டாப்பிலிருந்து பக்கம்தான். உங்கள் குரல் அவனுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் நம்புவான்.

நானேவா? இங்கேயேவா, உங்களிடமா?

சரி. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள்தான் அவன் என்று வைத்துக்கொள்கிறேன். சிரிக்கக் கூடாது. கேளுங்கள்.

வடியான், என்னை ம... ம... மன்...

இருங்கள். இன்னொரு தடவை. வடியான், ம... ம...

இல்லை அண்ணாச்சி, அப்படிப் பார்க்காதீர்கள். சத்தியமாக, இது மிமிக்ரி இல்லை.